காற்றுப் புகாத மனிதர்

ஓட்டையடைப்பான் என்றொரு பிராணி உண்டு. சொந்த வீட்டுக்குக் குடிபோன முதல் மழைக்காலத்தில் இது தலைகாட்டும். உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தால், உட்காரச் சொல்லும் முன்பே சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, ஜுரம் பார்ப்பதுபோல் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "ஓதம் ஏறியிருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றும். நீங்கள் காபி கொண்டு வருவதற்குள் கதவடியில் குனிந்து, இடுக்கில் காற்று வருகிறதா என்று புறங்கையால் சோதித்துக்கொண்டிருக்கும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, இறந்தவரின் படத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஓடும் விரிசலைப் பார்த்துத்தான் கண் கலங்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தத் துக்க வீட்டிலிருந்து என் மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்தது என்னைத்தான்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் மகளுக்கு ஏழு வயது. புது வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையில் எழுந்ததும் இருமுவாள். வயிறு ஒட்டிப்போய், கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமுவாள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். நான் டாக்டருக்கு மேல் இல்லையா? வெளியிலிருந்து வரும் ஈரக் காற்றுதான் எதிரி என்று கண்டுபிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மெழுகுவத்திச் சோதனை. மின்விசிறிகளை நிறுத்தி, குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்து, "கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடாதீங்க" என்று உத்தரவு போட்டு, சுடரைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போவேன். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே சிலிகான் பசை. ஜன்னல் சட்டம், சுவிட்சுப் பெட்டி, குழாய் நுழையும் துளை, குளியலறையில் காற்றுப்போக வைத்திருந்த சந்து, கடைசியில் டேப் போட்டுச் சமையலறை வெண்டிலேட்டர். அவள் ஒருமுறை இருமினால் நான் ஓர் ஓட்டையை அடைப்பேன். ஆபீசில் எனக்குப் 'பசை' என்று பெயர் வைத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

சுவர் வியர்க்க ஆரம்பித்தது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாய்ப் பூசணம் படர்ந்தது. மேலே இரண்டு கை பெயிண்ட் அடித்தேன். ஒரே வாரத்தில் பெயிண்ட் அப்பளம்போல் உப்பியது. இருமலும் கூடியது. வெளிச்சுவரில் விரிசல் இருக்கும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளிய சுவர் நல்லா காய்ஞ்சு கிடக்கு சார். தண்ணி உள்ளேருந்துதான் வருது. சமைக்கிறீங்க, குளிக்கிறீங்க, துணிய உள்ளயே காயப்போடுறீங்க. அந்த ஆவியெல்லாம் எங்க போகும்?"

"போகக் கூடாதுன்னுதானே அடைச்சிருக்கேன்."

"மழைத்தண்ணி வர்ற விரிசல அடைக்கலாம் சார். ஆவி போற வழிய அடைச்சா அது சுவருலதான் போய் உட்காரும்."

தொழில் தெரியாதவர் என்று அனுப்பிவிட்டேன். என் மனைவி வாசல்வரை போய் அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு வந்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். இருமல் நின்றது. சுவரும் உலர ஆரம்பித்தது. காலண்டரில் நாள்தோறும் ஒரு கோடு போட்டு, மேலே 'பசையின் வெற்றி' என்று எழுதினேன். சாயங்காலம் நான் மணி அடித்ததும் உள்ளே தடதடவென்று கால்கள் ஓடும். வீட்டுக்கே உயிர் வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

இருபத்தாறாம் நாள் மச்சான் வந்திருந்தார். பெண்டாட்டியின் தம்பி முன்னால் பெருமையடிக்காமல் இருக்க முடியுமா? மெழுகுவத்தியை ஏற்றிச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன்.

"பாருங்க மாப்பிள்ளை, சுடர் அசையாது."

சுடர் படுத்தே விட்டது. தலையைத் தூக்கினேன். வெண்டிலேட்டரில் டேப் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு திரைபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, இன்னைக்கு மூட மறந்துட்டியா?" என்றாள் மகள்.

மனைவி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "ஒரு மாசமா நீங்க ஆபீஸ் போனதும் எல்லாத்தையும் பிரிக்கிறோம். மணிச்சத்தம் கேட்டதும் ஒட்டுறோம். குளியலறைச் சந்தை அந்தக் கொத்தனாரே வந்து குடைஞ்சு கொடுத்தாரு, அதுக்கும் மேல டேப்தான்."

என் கை வழக்கம்போல் பசைக் குழாயைத் தேடியது.

"அடைக்கணும்னா அடைங்க. அதுக்கு முன்னாடி அவ இருமி எத்தனை நாளாச்சுன்னு சொல்லுங்க."

இருபத்தாறு. எனக்குத்தானே நன்றாகத் தெரியும்? வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன். மச்சான் பெருந்தன்மையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கலாம். சுவரைத் தடவும் பழக்கமே உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் நீங்கள் மணி அடித்ததும் உள்ளே கால்கள் தடதடவென்று ஓடினால், உங்களை வரவேற்கத்தான் ஓடுகிறார்கள் என்று உடனே பூரித்துவிடாதீர்கள்.