நான் ஞானி ஆகவில்லை, மச்சான்

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

மரியாதைக்குரிய சையது மீரான் மச்சான் அவர்களுக்கு, உங்கள் மச்சினன் சிகாபுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் ஜலீலாவும் மகள் லமியாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். எனக்கு இடது முழங்கை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அதற்கான காரணம் கீழே தானாக வரும். உத்தமபாளையத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். அக்காவின் மூட்டுவலிக்கு அனுப்பிய தைலம் கேட்கிறதா என்று அடுத்த முறை பேசும்போது சொல்லவும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி கிடைத்தது. மொத்தம் நான்கு நொடி. "சிகாபு, என்னப்பா இது?" என்று கேட்டுவிட்டு, கீழே நான் இருக்கும் வீடியோவை வைத்திருந்தீர்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வந்ததும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் உங்களோடு இருக்கும் பெரியவர்கள் அதைக் காட்டி, உங்கள் மச்சினன் கொச்சியில் சாமியார் ஆகிவிட்டாரா என்று கேட்டதாக அக்கா ஜலீலாவிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். போனிலேயே விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தால் யாராவது அதைப் பதிவு செய்து பின்னால் புல்லாங்குழல் சேர்த்துவிடுகிறார்கள். காகிதத்துக்குப் புல்லாங்குழல் சேர்க்க முடியாது என்பதால் இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு அவர்களிடமும் காட்டலாம்.

சுக்குக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பிறகு நான் இணையத்தில் ஒரு வலைப்பூ எழுதிவருவது உங்களுக்குத் தெரியும். அதன் பதினான்கு வாசகர்களில் நீங்களும் ஒருவர். பயணக் கட்டுரைதான், ஆனால் இரவு வெளியே தங்குவது ஜலீலாவுக்குப் பிடிக்காது என்பதால் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய ஊர்களாகவே போய்க்கொண்டிருந்தேன். வைப்பினுக்குப் படகில் போனதையே ஆறு கட்டுரையாக எழுதினேன். கலூரில் வேலை பார்க்கும் லமியாவுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். இப்படி ஒரு நாள் ஆறாவது வைப்பினையும் கேட்டு முடித்துவிட்டு, அத்தா, இந்தக் காலத்தில் படகு எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று யாரும் வாசிப்பதில்லை, யாருக்கும் தெரியாத இடம், அங்கே போனால் மனசுக்கு என்ன கிடைக்கும், இதைத்தான் வாசிக்கிறார்கள் என்றாள். அவள் போனில் நானும் சிலதைப் பார்த்தேன். எல்லாருமே யாருக்கும் தெரியாத இடத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள், அத்தனை இடத்திலும் திருவிழாக் கூட்டம். எனக்கும் ஆசை வந்துவிட்டது மச்சான், அதை மறைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், பழைய சுக்குக் கிடங்குக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதே, நீங்கள் போன முறை வந்தபோது தலையில் இடித்துக்கொண்டீர்களே, அதைப் பற்றி எழுதினேன். சாயங்காலம் நாலரை மணிக்குக் கடல் காற்று அந்தச் சந்துக்குள் திரும்பும்போது சுக்கும் மிளகும் கலந்து ஒரு மணம் வரும். அது உண்மை. கட்டுரை சின்னதாக இருக்கிறதே என்று, அங்கே கண்ணை மூடி மூன்று முறை மூச்சை இழுத்து விட்டால் அடைத்த மூக்கும் அடைத்த மனசும் திறந்துவிடும் என்று ஒரு வரி சேர்த்தேன். மூக்கைப் பற்றிச் சொன்னதும் உண்மைதான். மனசைப் பற்றிச் சொன்னது லமியா கேட்டதற்காக.

அடுத்த வாரமே பெங்களூரில் இருந்து கேசவ் என்று ஒரு தம்பி வந்தான். முதுகில் பெரிய பை, கையில் கேமரா. பல லட்சம் பேர் பின்தொடர்கிற பயணக்காரன், தமிழ்ப் பையன், மரியாதை தெரிந்தவன். இணையத்தில் எதையோ தேடப் போய் என் கட்டுரை அகப்பட்டதாம். சந்தில் நின்று மூன்று மூச்சு விட்டான், கண் கலங்கினான். மிளகுக் காரத்துக்கு யாருக்கும் கலங்கும், ஆனால் அவன் அதை அப்படியே போட்டுவிட்டான். 'மனதை ஆற்றும் சந்து' என்று பெயரும் வைத்துவிட்டான். அந்தச் சனிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். மறுநாள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை, எண்ண வேண்டுமானால் நான் வெளியே போயிருக்க வேண்டும், வெளியே போக வழியில்லை. எங்கள் பின்வாசலில் இருபது பேர் கண்ணை மூடி நிற்கிறார்கள், ஜலீலா மீன் கழுவிய தண்ணீரோடு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் கண்ணைத் திறப்பதற்காகக் காத்து நிற்கிறாள். ஒரு பெண் ஜலீலாவையும் வணங்கிவிட்டுப் போனாள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் மீதி புரியும். அந்தச் சந்தின் உள்பக்கத்தில் பக்கத்து வீட்டுக் கமலாக்ஷிச் சேச்சி கருவாடு காயப்போடுவார். தோப்பும்படித் துறைமுகத்தில் நெத்திலியும் மத்தியும் வாங்கிவந்து, உப்பிட்டு, பாய் விரித்துக் காயவைத்து விற்று அவர் இரண்டு மகள்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். ஜலீலாவுக்கும் அவருக்கும் இருபத்திரண்டு வருடச் சிநேகம். பின்ஜன்னல் வழியாக ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாயில் ஏறி நின்றார்கள். சேச்சி முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பின்ஜன்னலைச் சாத்திவிட்டார். சேச்சி ஜன்னலைத் திறக்கிறவரை நானும் உங்களோடு பேசப் போவதில்லை என்று ஜலீலா சொன்னாள், சொன்னபடியே ஒன்பது நாள் பேசவில்லை. சாயா மட்டும் வந்தது. வைக்கிற சத்தத்திலேயே மற்றதெல்லாம் புரிந்தது.

தவறு என்னுடையது, நானே சரிசெய்கிறேன் என்று ஒரு மறுப்புக் கட்டுரை எழுதினேன். அதை வழக்கமான பதினான்கு பேர்தான் வாசித்தார்கள். சரி, நேரிலேயே சொல்லிவிடுவோம் என்று தொழுது முடித்த கையோடு, தலையில் தொப்பியும் தோளில் துண்டுமாகச் சந்துக்குள் போய் நின்று, "இங்க ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போங்க" என்றேன். இவ்வளவுதான் மச்சான் நான் சொன்னது. சத்தம் போட்டுச் சொன்னால் அவமரியாதை என்று மெதுவாகச் சொன்னேன், அதுதான் கெடுத்தது. யாரோ அதைப் படம் பிடித்து, மெல்லிசை சேர்த்து, கீழே ஆங்கிலத்தில் எழுதினார்கள். லமியா அதைத் திருப்பித் தமிழில் சொன்னபோது எனக்கே புல்லரித்தது: இங்கே எதுவும் இல்லை, உன் இல்லத்துக்குத் திரும்பு. இல்லம் என்றால் உள்ளமாம். பிரேசில் நாட்டில் ஒருவர் இதைக் கேட்டு வேலையை விட்டுவிட்டார். நீங்களும் இன்னும் மூன்று லட்சம் பேரும் பார்த்த வீடியோ அதுதான்.

அதன் பிறகு என்னைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். நான் போகச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பூனாவில் இருந்து வந்த ஓர் அம்மா என் காலைத் தொடக் குனிந்தார். நிர்வாகத்துப் பெரியவர்களிடம் இதைத் திட்டமாகச் சொல்லுங்கள், அவர் தொடவில்லை, தொட நான் விடவில்லை. அந்த நொடியே பின்னால் குதித்தேன். குதித்த இடத்தில் சேச்சியின் நெத்திலிக் கூடை இருந்தது. கூடையோடு விழுந்தேன், முழங்கை சுவரில் இடித்தது, தாடியெல்லாம் நெத்திலி. வந்தவர்கள் அதையும் ஏதோ ஒரு பாடம் என்று நினைத்து அமைதியாக இருந்தார்கள்.

சேச்சிதான் வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, கீழே கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். மிதித்ததற்காகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தலை நிமிராமலே பேசினார்.

"இக்கா, இருபத்திரண்டு கொல்லமா நான் இவிடெதான் மீன் உணக்குறேன். நீங்க எழுதினத லமியா போன்ல எனக்குக் கேக்க வச்சா. சுக்கு உண்டு, மிளகு உண்டு, கடல் காத்து உண்டு. என்ட மீன் எவிடெ?"

என் மீன் எங்கே என்கிறார் மச்சான். சுக்குக் கம்பெனியில் முப்பது வருடம் கணக்குக் காட்டியிருக்கிறேன், யார் முன்னாலும் இப்படித் தலை குனிந்து நின்றதில்லை. ஏனென்றால் அந்த வரியை நான் எழுதியிருந்தேன். கமலாக்ஷிச் சேச்சியின் கருவாட்டு மணமும் சேர்ந்து வரும் என்று எழுதிவிட்டு, கருவாடு என்று வாசித்தால் யாருக்கு மனசு ஆறும் என்று யோசித்து அழித்தேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். நாறுகிறது என்று நினைத்து ஒருவரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன் சேச்சி, மன்னிக்க வேண்டும் என்றேன்.

சேச்சி பொறுக்குவதை நிறுத்தினார். "நாறினா வரமாட்டாங்க, அல்லே?" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே தோப்பும்படிக்கு நானும் கூடப் போனேன். வழக்கத்தை விட இரண்டு பங்கு மத்தி, கொஞ்சம் இறால் தலை. பாய்களைச் சந்தின் உள்ளே போடாமல் சந்தின் வாயிலேயே போட்டோம். முழங்கை வலியோடு நான்தான் சுமந்தேன், ஜலீலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாலரை மணிக்குக் காற்று திரும்பியது. வந்தவர்கள் வழக்கம்போலக் கண்ணை மூடினார்கள். முதல் மூச்சில் முகம் சுருங்கியது. இரண்டாவதில் கண்ணைத் திறந்தார்கள். மூன்றாவது மூச்சை அந்தச் சந்தில் ஒருவரும் விடவில்லை, தெருமுனைக்குப் போய்த்தான் விட்டார்கள். கேசவும் அன்று வந்திருந்தான். நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டு, தன் முகத்தையே படம் எடுத்து, இந்த இடம் இவ்வளவுதான், வராதீர்கள் என்று போட்டான். நாலு நாளில் சந்து காலி. நான் பேசிய வீடியோ தேனி மாவட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் இங்கே கதை முடிந்துவிட்டது.

பின்ஜன்னல் திறந்தது. முதலில் வந்தது மாங்காய் போட்ட மத்திக் குழம்பு. இங்கிருந்து போனது நெய்ச்சோறு. ஜலீலா என்னோடு பேசிய முதல் சொல், தாடியில் இன்னும் ஒரு நெத்திலி இருக்கிறது என்பது. ஆனால் உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், அக்காவிடம் சொல்ல வேண்டாம். யாரும் வராத முதல் சாயங்காலம் நான் இரண்டு தடவை தெருமுனை வரை போய் எட்டிப் பார்த்தேன். என் ஆயுளில் மூன்று லட்சம் பேர் காது கொடுத்துக் கேட்டது ஒரே ஒரு பேச்சைத்தான், அதுவும் போங்கள் என்று சொன்ன பேச்சு.

ஆகவே நிர்வாகத்துப் பெரியவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது: சிகாபுதீன் சாமியாரும் ஆகவில்லை, ஞானியும் ஆகவில்லை, ஐந்து வேளையும் தொழுதுகொண்டு வீட்டில்தான் இருக்கிறான். வலைப்பூவை மூடிவிட்டேன். போனில் இருந்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி லமியாவிடம் கொடுத்துவிட்டேன். இனி எந்த ஊருக்குப் போனாலும் போனேன், வந்தேன் என்று உங்களுக்கு மட்டும் சொல்வேன். சந்தும் பழையபடி வெறும் சந்து.

அக்காவுக்கு என் ஸலாம். பிள்ளைகளின் படிப்பிலும் உங்கள் தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஜலீலாவும் லமியாவும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். கமலாக்ஷிச் சேச்சியும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
சிகாபுதீன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சேச்சி ஓடிவந்தார். சந்து காலியான அந்த நாலு நாளில் பாயை மிதித்த ஒரு புதுமணத் தம்பதியை அவர் அரைமணி நேரம் திட்டியிருக்கிறார், அவர்கள் அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்களாம். எட்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இன்று மதியம் முதல் திருச்சூரில் இருந்தெல்லாம் ஆட்கள் சேச்சியிடம் திட்டு வாங்க அவர் வீட்டு முன்வாசலில் வந்து நிற்கிறார்களாம், பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. திட்டு வாங்கியவர்கள் மனசு லேசாகிவிட்டது என்று ஆளுக்கு ஒரு பொட்டலம் கருவாடும் வாங்கிப் போகிறார்கள். முகத்தைப் பார்த்து அவரவருக்கு ஏற்றபடி திட்டுகிறார், தமிழ் ஆட்களுக்குப் புரியவில்லையாம், அதனால் பக்கத்தில் நான் நின்று மொழிபெயர்க்க வேண்டும். இன்று இரவே இதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சேச்சியின் உத்தரவு. லமியா எதையும் அழிக்கவில்லையாம், நான் மனம் மாறுவேன் என்று அவளுக்குத் தெரியுமாம். ஆகவே மேலே மூடிவிட்டேன் என்று எழுதிய இடத்தை மூடவில்லை என்று திருத்தி வாசிக்கவும். கடிதத்தை நிர்வாகத்தில் காட்ட வேண்டாம். அக்காவை அழைத்துக்கொண்டு வருவதாக இருந்தால் மூன்று மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், இன்று அதற்குப் பிறகு வரிசை படகுத்துறை வரை போய்விட்டதாம். சிகாபுதீனுடைய மச்சான் என்று சொன்னால் போதும், சேச்சி உங்களை முதலில் திட்டிவிடுவார்.