நாற்பதுக்கு நாலு குறைவு

மதிப்புக்குரிய பசலிங்க மாமாவுக்கு, கதக்கிலிருந்து நாகவேணி பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நான் மட்டும் தேவைக்கு அதிகமாக நலம் என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் வேலைக்கு நாற்பது சதவீத ஊனம் இருந்தால் போதும் என்று நீங்கள்தானே சொல்லி அனுப்பினீர்கள்? போலியோ வந்து சூம்பிய காலில் நாற்பது இல்லாமலா போகும் என்று வெள்ளிக்கிழமை ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பெற்ற அவ்வா, உங்கள் அக்கா, கூட வந்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் எப்படி நடக்கவேண்டும் என்று அவள் என்னை வருஷக்கணக்காகப் பழக்கியது உங்களுக்குத் தெரியும்: இல்கல் சேலையைத் தரை தொடக் கட்டு, சின்ன அடியாக வை, இடுப்பை அசைக்காதே, வலித்தால் சிரி. டாக்டர் "நடந்து காட்டும்மா" என்றார். கதவோரம் நின்ற அவ்வா பழக்கதோஷத்தில் புருவத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான் மாமா, இந்தப் பாழாய்ப்போன கால் ராஜநடை நடந்துவிட்டது.

"நல்லாத்தானே நடக்குற! முப்பத்தாறு" என்று எழுதிவிட்டார். "ஐயோ சார், அது பொய் நடை, இப்ப நெஜமா நடக்கிறேன்"னு நொண்டினேன். "யாருகிட்ட நடிக்கிற? அடுத்த ஆளு வாங்க"ங்கிறார். இத்தனை வருஷம் நடிச்சேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கல. நடிப்பை விட்ட அன்னைக்குத்தான் மாட்டிக்கிட்டேன். சட்டம் என் காலை அளக்குது, பஸ் படியோட உசரத்தை அளக்குதா? தெருவுல "ஏ நொண்டி"ன்னு கூப்பிடுற எவனும் இதுவரைக்கும் சதவீதம் கேட்டதில்ல மாமா.

ரெண்டு வாரம் கழிச்சு திங்கட்கிழமை காலையில தார்வாட்ல மேல்முறையீடு. அன்னைக்குச் சாயங்காலமே நீங்க பேசி முடிச்ச பைலஹொங்கல் மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க. "காலையில நல்லா நொண்டு, சாயங்காலம் நல்லா நட, மாத்திக்கீத்தி வெச்சுடாத"ங்கிறா அவ்வா. என்னால ஆகாது. ரெண்டு எடத்திலயும் நொண்டித்தான் நடப்பேன். காலைப் பத்தி உண்மையைச் சொல்லிடுங்க, பிடிக்கலேன்னா அவங்க வரவே வேண்டாம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் முழங்கால் வலி எத்தனை சதவீதத்தில் இருக்கிறது? பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்
நாகவேணி

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது கல்யாணத் தரகர் வந்தார். நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம். கால் விஷயம் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலிலேயே தெரியுமாம். அந்தக் காலுக்கு சர்க்கார் வேலை கிடைக்கும் என்றுதான் சம்மதித்தார்களாம். "முப்பத்தாறுன்னா அந்தப் பொண்ணு எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கிறார்களாம். அவ்வா இப்போது முற்றத்தில் நின்று எனக்கு நொண்டப் பழக்குகிறாள். "அப்படியில்லடி, இன்னும் நாலு சதவீதம் சாய்!"