மோவாய் மச்சம்

கார்காலம் வானத்தை மெல்ல மூடியது. ஒளி ஒடுங்கிற்று, ஓசைகள் தணிந்தன, சுவர்கள் தமக்குள்ளேயே கசிந்தன. அந்த ஈரம், மெய்ப்புத் திருத்துபவர் வீட்டு முன்னறையில் தொங்கிய அவர் தாயின் படத்தைப் பூஞ்சைக்கு இரையாக்கிவிட்டது.

நடை பழகுமுன்பே தாயை இழந்தவர் அவர். மோவாயில் கருமச்சத்தோடு சிரிக்கும் அந்த முகம்தான் அவர் அறிந்த அம்மா. நல்லவேளை, வளர்த்த சித்தியின் பெட்டியில் அந்தப் படத்தின் நெகட்டிவ் இருந்தது. எடுத்துக்கொண்டு ஸ்கேன் கடைக்கு ஓடினார்.

வந்த படத்தில் முகம் பளிங்காய் மின்னியது. மச்சத்தைக் காணோம்.

"பழுதையெல்லாம் மெஷினே எடுத்துடும் சார்" என்றார் கடைக்காரர், பெருமையாக.

"பழுதா? அது எங்கம்மா மச்சம்."

கடைக்காரர் வருந்தி, தம் கையாலேயே ஒரு மச்சம் வைத்தார். அது கன்னத்தில் ஏறி உட்கார்ந்தது. இறக்கி வைக்கச் சொன்னதும் இறங்கியது. ஆனால் அம்மாவுக்குத் தாடி முளைத்தாற்போலிருந்தது.

பிறர் எழுத்தில் ஒற்றுப்பிழையைக்கூட விட்டுவைக்காத மனிதர், நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். "மெஷின் பார்த்ததை அப்படியே குடுங்க. ஒரு புள்ளியத் திருத்தினாலும் நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

"அது ரா ஃபைல் சார். பாக்கவே சகிக்காது."

"எங்கம்மாவ நான் சகிச்சுக்கறேன்."

கடை மூடும் நேரத்தில் ஃபைல் கைக்கு வந்தது. வீட்டுக் கணினி அதைத் திறக்க மறுத்தது. அதற்கென்றே ஒரு மென்பொருளை ஏற்றியதில் இருமுறை மூர்ச்சையாகி, ஒருவழியாகத் திறந்தது. நெகட்டிவில் இருந்தபடியே கறுப்பெல்லாம் வெளுப்பு, வெளுப்பெல்லாம் கறுப்பு. இருண்ட முகம், நரைத்த கூந்தல். மோவாயில் மட்டும் விண்மீனாய் ஒரு வெண்புள்ளி.

"பேய் மாதிரி இருக்கு. இதுக்கா இத்தனை சண்டை?" என்றாள் மனைவி.

"பேயானாலும் திருத்தாத பேய்" என்று நிமிர்ந்தவர், அடுக்களையிலிருந்து வந்த சித்தியிடம் வெண்புள்ளியைச் சுட்டினார். "பாருங்க சித்தி, அம்மாவோட மச்சம். விடுவேனா?"

சித்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"இத்தன நாளா மச்சம்னா நெனச்சிட்டிருந்தே? அக்காவுக்கு மச்சம் ஏதுடா? அது நெகட்டிவ்ல விழுந்த ஓட்டை, படம் போட்டப்ப கறுப்பாத் தெரிஞ்சுது. உனக்கு மொதப் பல்லு மொளச்சப்ப, அவ மடியில ஒக்காந்து நீ கடிச்சது."

அவர் நெகட்டிவை உறையிலிருந்து எடுத்தார். இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, திரையிலிருந்த அந்த இருண்ட முகத்தின்முன் கைகூப்பி நின்றார்.

சித்தி அவர் தலையில் கை வைத்தாள். "பல்லும் சொல்லும் கெடாம நல்லா இருடா கண்ணு."