மீன் தொட்டி மேம்பாட்டுக் குழு

மனித குலத்தின் சிக்கல்கள் அத்தனைக்கும் தீர்வு, ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், லிஃப்டுக்கு இடப்பக்கம் கிடைத்துவந்தது என்பதைச் சரித்திரம் ஏனோ இன்னும் பதிவுசெய்யவில்லை. 'சிக்கல் தீர்வு ஆலோசனையகம்' என்று வாசலில் பித்தளை எழுத்தில் போட்டிருக்கும். நஷ்டத்தில் ஓடும் ஆலை, ஆள் நிற்காத கடை, அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத கம்பெனி, யாருக்கு என்ன தலைவலி என்றாலும் அங்கே வருவார்கள். தலைவலி தீர்ந்ததோ இல்லையோ, போகும்போது அதற்கு ஒரு நல்ல பெயராவது கிடைத்துவிடும்.

இத்தனை மேதைகள் கூடிய இடத்தின் வரவேற்பறையில், வரவேற்பாளரின் மேசையை ஒட்டி, ஒரு சின்ன மீன் தொட்டி இருந்தது. அதில் பச்சைப் பாசி பிடித்தது. உள்ளே நட்டிருந்த செடிகள் நட்ட அன்று இருந்த உயரத்திலேயே நின்றன. நிறுவனத்தின் மொத்த அறிவும் திரண்டு வந்து பாசியோடு மோதியது. பாசி அசரவில்லை.

தொட்டியை வாங்கிவைத்தவர் நிர்வாக இயக்குநர். மற்றவர்கள் வீட்டில் மீன் வளர்ப்பார்கள். அவர் 'நிறுவனப் பண்பாட்டை' வளர்த்தார். திறப்பு விழா அன்று தொட்டி விளக்கின் சுவிட்சைத் தம் கையாலேயே போட்டு, "இந்த லைட் இனிமே அணையாது. நம்ம உழைப்பும் அப்படித்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து விளக்கு இரவு பகலாக எரிந்தது. விடுமுறை நாட்களிலும் பூட்டிய அலுவலகத்துக்குள் மீன்கள் மட்டும் முழு வெளிச்சத்தில் பணியாற்றின.

அடுத்தது தீனி. இயக்குநர் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சிட்டிகை போடுவார். அவர் அறையின் கண்ணாடி வழியே தொட்டி நன்றாகத் தெரியும். ஆகவே அவர் நாற்காலியில் இருக்கும் நேரம் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டார்கள். சம்பள உயர்வு நெருங்கும் காலத்தில் சிட்டிகை கைப்பிடியானது. மனிதவள மேலாளர் அம்மையார் போடும்போது, "சாப்பிடுங்க கண்ணுங்களா" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் கேட்கிற குரலில் சொல்வார். மீன்கள் தின்றது போக மிச்சமெல்லாம் கூழாங்கல் நடுவே ஊறி அழுகியது. இரவெல்லாம் வெளிச்சம், பகலெல்லாம் விருந்து. பாசிக்கு வேறென்ன வேண்டும்? மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அது இலை இலையாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. செடிகள் அதன் அடியில் மூச்சுத் திணறின.

பழி வந்து விழுந்தது வரவேற்பாளரின் தலையில். அவள் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, இன்னும் நிரந்தரமாகவில்லை. கணவனின் பட்டறை மூடிக் கிடந்ததால் வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். மனிதவள மேலாளர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, முகமெல்லாம் பாசமாகப் பேசினார்.

"உன்னைப் பெர்மனன்ட் ஆக்குற ஆர்டர் தயாரா இருக்கும்மா. தொட்டி தெளிஞ்சா சார் கையெழுத்துப் போட்டுடுவார்."

"தெளியலைன்னா மேடம்?"

"தெளியலைன்னா பார்க்கலாம்."

அந்த அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்பதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவளுக்குத் தெரியும். அவளை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், நோய் என்ன, மருந்து என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கணக்கு அலுவலர் லிஃப்டில் அவள் காதோடு சொன்னார்: "ராத்திரியில லைட்ட அணைச்சுடும்மா. எங்க வீட்டுத் தொட்டியிலயும் இதே கதைதான் நடந்துச்சு."

"அத மீட்டிங்ல சொல்லுங்களேன் சார்."

"எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

மனிதவள மேலாளரே கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னார்: "தீனியக் குறைக்கணும்மா. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய விட்டுடாத." சொல்லிவிட்டுப் போகிற வழியில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுத்தான் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் இருந்தார்.

அது அந்த நிறுவனத்தின் எழுதாத சட்டம். ஒரு சிக்கலுக்குக் காரணத்தை முதலில் இயக்குநர் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து வராத காரணம், கண்ணெதிரே நின்று கையாட்டினாலும் காரணம் ஆகாது. அதுவரை மற்றவர்கள் 'ஆராய' வேண்டும்.

ஆராய்வதற்கு 'மீன் தொட்டி மேம்பாட்டுக் குழு' அமைந்தது. முதல் கூட்டத்தில் இயக்குநர் கேட்டார்: "செடி ஏன் வளரலை?"

"அதுங்களுக்கு உந்துதல் போதலை சார்" என்றார் மனிதவள மேலாளர்.

கணக்கு அலுவலர் தொண்டையைச் செருமினார். "சார், எனக்கு என்னவோ வெளிச்சம்..."

அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார்.

"...வெளிச்சம் போதலையோன்னு தோணுது சார்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் இயக்குநர்.

மறுநாள் இன்னும் பெரிய விளக்கு வந்தது. ஒவ்வொரு செடிக்கும் மாத வளர்ச்சி இலக்கு நிர்ணயித்து, அதைச் சின்ன அட்டையில் எழுதித் தொட்டியின்மேல் ஒட்டினார்கள். இலக்கை எட்டாத செடிகளுக்கு 'ஊக்க உரம்' ஊற்றப்பட்டது. அதை வாங்கிச் சாப்பிட்டுப் பாசி இலக்கைத் தாண்டியது. பாசியைத் தின்பதற்கென்று இரண்டு நத்தைகள் ஒப்பந்த அடிப்படையில் நியமனம் பெற்றன. அவை மெதுவாக வேலை செய்வதாக மதிப்பீட்டில் குறிப்பு எழுதினார்கள். கடைசியில் தண்ணீரே கீரைக் கடைசல் மாதிரி ஆகி, மீன் இருக்கிறதா இல்லையா என்று வந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

வீட்டில் கணவன் சொன்னான்: "நீயே போய்ச் சொல்லிடேன். லைட்டுதான் சார் காரணம், தீனிதான் காரணம்னு."

"சொல்லிட்டு வீட்டுக்கு வந்து நானும் உன்கூட உட்கார்ந்துக்கட்டுமா?"

அவன் பாயை உதறி விரித்துப் படுத்துக்கொண்டான். அவளுக்குத்தான் சொன்னது உறுத்தியது. படுத்தும் தூக்கம் வரவில்லை.

இந்த நேரத்தில் இயக்குநர் ஒரு மாதம் வெளிநாடு கிளம்பினார். 'தலைவர் இல்லாத இடத்தில் ஒன்றும் நடக்காது' என்ற தலைப்பில் பல ஊர்களில் உரையாற்ற அழைத்திருந்தார்கள். அவருடைய கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, அலுவலகத்தில் மீன்மேல் இருந்த அன்பு மொத்தமாக வற்றிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் காலி நாற்காலி. யார் பார்ப்பதற்காகத் தீனி போடுவது? தீனி டப்பாவைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான். காலையில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது சுவிட்சின்மேல் விரலை வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அணைத்தாள். மேலே இருந்து இடி எதுவும் விழவில்லை.

அப்புறம் தினமும் மாலையில் அணைத்தாள். வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, பாசி மூடிய பழைய இலைகளைக் கிள்ளிப்போட்டாள். பச்சை மெல்ல விலகியது. ஒருநாள் காலையில் செடியின் நடுவிலிருந்து ஒரு புது இலை, வெளிர் நிறத்தில், சுருண்டபடி எட்டிப்பார்த்தது. அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொலைபேசி அடித்து ஓய்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

திரும்பி வந்த இயக்குநர் நேரே ஒரு வாடிக்கையாளரோடு வந்தார். பெரிய செருப்புத் தொழிற்சாலையின் முதலாளி அம்மா. அவருக்கு ஒரு கவலை: புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் யாரும் வளர்வதில்லை, கொஞ்ச நாளில் வாடி வதங்கிக் கிளம்பிவிடுகிறார்கள்.

இயக்குநர் தொட்டியைப் பார்த்தார். கண்ணாடி போலத் தண்ணீர், அசையும் செடி, துள்ளும் மீன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்கம்மா. இதுவும் உங்க பிரச்சினை மாதிரிதான் இருந்துச்சு. எங்க குழு எப்படித் தீர்த்துவெச்சிருக்கு பாருங்க."

"எல்லாம் இலக்கு நிர்ணயம் பண்ணினதாலதான்" என்றார் மனிதவள மேலாளர்.

"பெரிய லைட்டு போட்டோம்ல" என்றார் கணக்கு அலுவலர்.

நத்தைகள் மட்டும் பெருமை கொண்டாடவில்லை.

முதலாளி அம்மா வரவேற்பாளரின் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா நாள் பூரா இது பக்கத்துல உட்கார்ந்திருக்க. எது பலிச்சுது?"

மனிதவள மேலாளரின் கையில் இருந்த கோப்பில் அவளுடைய ஆர்டர் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. 'குழுவோட வழிகாட்டல்தாங்க' என்று சொன்னால் முடிந்தது விஷயம். அந்தச் சொற்கள் நாக்குவரைகூட வந்துவிட்டன. ஆனால் அந்தப் புது இலை கண்ணெதிரே நின்றது.

"சார் ஊர்ல இல்லீங்க" என்றாள்.

"என்னம்மா?"

"சார் ஒரு மாசம் ஊர்ல இல்லீங்க. அதனால ராத்திரி லைட்ட அணைக்க முடிஞ்சுது. அவர் பார்க்கணும்னு யாரும் தீனி போடலை. அவ்வளவுதாங்க. செடி தானா வளந்துடுச்சு."

கணக்கு அலுவலர் கூரையைப் பார்த்தார். மனிதவள மேலாளர் கோப்பை மூடினார். முதலாளி அம்மா மட்டும் அசையாமல் நின்றார். தினமும் காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு பிள்ளையின் மேசைக்குப் பின்னாலும் போய் நின்று 'என்னப்பா நடக்குது' என்று கேட்பது அவருடைய வழக்கம்.

"அப்ப நான் எத்தனை நாள் வெளியூர் போகணும்?" என்று கேட்டார். பிறகு இயக்குநரிடம் திரும்பி, "இதுக்கு உங்க ஃபீஸ் என்ன?"

'ஃபீஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும், சிவந்துகொண்டிருந்த இயக்குநரின் முகம் பாதி வழியிலேயே சிரிப்புக்கு மாறியது. மகான்களுக்கே அது கைகூடும். "இது எங்க புதுத் திட்டம்மா. 'தலைமை விலகல்'. நாங்க ரகசியமா சோதிச்சுப் பார்த்துட்டிருந்தோம்" என்றார். சோதனையை நடத்தியவள் தற்காலிக ஊழியர் என்று வாடிக்கையாளருக்குத் தெரியலாமா? கோப்பை வாங்கி, நின்றபடியே கையெழுத்தைப் போட்டார்.

தலைமை விலகல் திட்டம் பெரும் வெற்றி பெற்றது. ஆலைகளிலும் கடைகளிலும் முதலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் போனார்கள். அவர்களுடைய அலுவலகங்களில் ஆட்கள் தழைத்தார்கள். இவ்வளவு பெரிய திட்டத்தை அடுத்தவரை நம்பி விட்டுவிட்டுப் போக முடியுமா? அதனால் இயக்குநர் லீவு போடுவதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். விளக்கு மறுபடியும் இரவெல்லாம் எரிந்தது, தீனி மறுபடியும் மழையாகப் பொழிந்தது, தண்ணீர் மறுபடியும் பச்சையானது. குழு மறுபடியும் கூடி, செடி ஏன் வளரவில்லை என்று ஆராய்ந்துகொண்டிருந்தது.

நிரந்தரமாகிவிட்ட வரவேற்பாளர் அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள். யாரோ ஒரு புது வாடிக்கையாளர். இயக்குநர் ஆபீசில் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இருக்காருங்க" என்றாள் அவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் கேட்கிற குரலில். "அதுதாங்க இங்க பிரச்சினையே."