பதினாறு சாடிகளின் பட்டினி

சொந்த வீட்டு விறாந்தையில் சொந்தக் கதிரையைப் போட்டு உட்கார முடியாதவன் என்ன குடும்பத் தலைவன்? மிளகுத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற யோகேந்திரனை மூன்று வருடமாக அரித்த கேள்வி அது.

எல்லாம் அந்த ஜேட் செடிகளால் வந்த வினை. கொழுகொழு இலையோடு பதினாறு சாடிகள். மனைவி கமலாட்சி விறாந்தையில் வெளிச்சம் விழும் இடமெல்லாம் வைத்துவிட்டாள். சாய்மனைக் கதிரை கோழிக்கூட்டுப் பக்கம் குடிபோய்விட்டது.

மகளின் பிரசவத்துக்கு மூன்று வாரம் நாவுலைக்குப் புறப்பட்டாள் கமலாட்சி.

"காலையும் மாலையும் தண்ணி ஊத்துங்க. ரெண்டு நாள் விட்டாலும் செத்துரும்."

"செத்துட்டா?"

"விறாந்தை உங்களுக்கு. பொழச்சிருந்தா கதிரைப் பேச்சே எடுக்கப்படாது."

"சரி," என்றார், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு.

பஸ் வளைவு திரும்பியதும் தண்ணீர் வாளி விறகுக்கட்டுக்குப் பின்னால் போனது. சாடிகள் மிளகு காயப்போடும் சிமெந்துத் தளத்துக்குப் போயின. நல்ல வெயில். ஐந்தாம் நாள் மழை தூறியது. பதறிப்போய்ப் பதினாறையும் தாழ்வாரத்துக்குத் தூக்கினார். மழை விட்டதும் மறுபடி வெயிலுக்கு. இடுப்பு பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு விஜிதா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா இல்லாட்டியும் செடிங்கள எப்படிப் பாத்துக்கிறீங்க அண்ணே."

"பாசம்தான் விஜிதா, என்ன செய்ய?"

மூன்றாம் வாரம் இலையோரமெல்லாம் சிவந்தது. காய்ச்சல் கண்டுவிட்டது, இனி மூச்சு நிற்க வேண்டியதுதான் பாக்கி என்று மகிழ்ந்தார். கதிரையைத் துடைத்து விறாந்தை நடுவில் போட்டார்.

கமலாட்சி ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நேரே தளத்துக்குப் போனாள்.

"நான் மூணு வருசமாப் பாத்தும் வராத நிறம். இப்படிச் செவந்து நிக்குதே."

"சாகப் போகுதில்லையா?"

"நல்ல வெயிலும் காஞ்ச மண்ணும் கெடைச்சா இந்தச் செடி இப்படித்தான் தெளியும். தண்ணி கூடினாத்தான் வேர் அழுகிச் சாகும்."

"அப்புறம் ஏன் ரெண்டு வேளையும் ஊத்தச் சொன்ன?"

"ஊத்தாதீங்கன்னு சொல்லியிருந்தா கொடங்கொடமா ஊத்தியிருப்பீங்க."

கமலாட்சி பையை அவிழ்த்து, நாவுலையில் ஒடித்து வந்த பத்துப் புது ஜேட் தண்டுகளை அவருடைய கதிரையில் வரிசையாக அடுக்கினாள்.

"நடுறதுக்கு முந்தி ஒடிச்ச முனை நாலு நாள் காயணும். நல்ல வேளை, எடத்தத் தொடச்சு வச்சிருக்கீங்க."