சயாம்காரரின் சண்டைச் சட்டம்

செகந்திராபாத்தில் சண்டையை முறையாகப் போடத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் சயாம்காரர்தான். நாங்கள் எல்லாம் சும்மா கத்திக்கொண்டிருந்தோம். நானும் சண்டைக்காரன்தான், யாரோடாவது மல்லுக்கு நிற்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் சொல்கிறேன், அவர் கால் தூசி பெறமாட்டோம்.

நிஜாம் காலம், யுத்தத்துக்கு முந்தி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் பாய்லர் பிட்டர். நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. காலனியில் பக்கத்துப் பக்கத்து வீடு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி பாங்காக் போய், அங்கே அரிசி மில்லில் பாய்லர் ஓட்டி, ஓய்ந்த நேரத்தில் சயாம் குத்துச்சண்டை கற்றுக்கொண்டு வந்தவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சயாம் சண்டையில் கை முஷ்டி மட்டும் போதாதாம். முழங்கை, முழங்கால், காலின் முன்னெலும்பு எல்லாமே ஆயுதமாம். அந்த எலும்பு உரம் ஏற வாழைமரத்தை உதைத்துப் பழக வேண்டுமாம். என் வீட்டுக் கொல்லையில் குலை தள்ளிய மரத்தை ஒரு நாள் காலையில் உதைத்தே சாய்த்துவிட்டார்.

"என்னய்யா அநியாயம் இது!" என்று பாய்ந்தேன்.

"முதல் ரவுண்டுலயே வுழுந்துட்டுதுங்க. தெம்பில்லாத மரம்," என்றார், ஏதோ மரத்தின் மேல் தப்பு என்பதுபோல.

இதோடு விட்டாரா? காலனிக் குழாயடிச் சண்டைக்கும் சயாம் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார். அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சி ஒன்றை வாளித் தண்ணீரில் மிதக்க விடுவார். அது முழுகும்வரை ஒரு ரவுண்டு. அப்புறம் இரண்டு பேரும் எதிரெதிர் மூலைக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். கடி கூடாது, கண்ணில் குத்தக் கூடாது, விழுந்தவரை அடிக்கவே கூடாது. மொத்தம் ஐந்து ரவுண்டு. இரண்டாவது ரவுண்டிலேயே பெண்களுக்குச் சிரிப்பு வந்து சண்டை கலைந்துவிடும். எனக்குத்தான் வயிறெரியும், நல்ல சண்டைகள் வீணாகிறதே என்று.

இந்தச் சட்டத்துக்கு மசியாதவள் தனபாக்கியம் ஒருத்திதான். கூட்ஸ் ஷெட் மேஸ்திரி கோவிந்தனின் தங்கை. ஒரு நாள் கொட்டாங்கச்சி முழுகியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னும் பாதிகூடச் சொல்லலியே! அதுக்குள்ள முழுகினா நான் இன்னா பண்றது?" என்றாள்.

சயாம்காரர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். குனிந்து கொட்டாங்கச்சியை எடுத்து, ஓட்டையில் புளியை வைத்து அடைத்து, மறுபடி மிதக்க விட்டார்.

"நீங்க பேசுங்க. இது முழுகாது," என்றார்.

காதல் என்றால் அதுதான் காதல். அவளும் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். குறுக்கே நின்றவன் கோவிந்தன். பழைய ஊரில் தாலீம் என்கிற குஸ்திக் கூடத்துக்குப் போய்ப் பழகிய ஆள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் வீட்டுக்குள் காற்று வராது.

"சயாமு, சண்டைன்னு சும்மா கதை வுடறான்! என்னை ஜெயிச்சிட்டு என் தங்கச்சியைக் கட்டிக்கட்டும். தோத்தா காலனியை வுட்டே போயிடணும்," என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காலனி மைதானம். நான்தான் அம்பயர். சயாம்காரர் தலையில் கயிற்று வளையத்தோடு வந்தார். முதலில் குருவுக்கு வணக்கமாக ஒரு நடனம் ஆட வேண்டும், அதற்கு ஊதுகுழல் வாசிக்க வேண்டும் என்பது சயாம் வழக்கம். ஊதுகுழலுக்கு எங்கே போவது? முருகன் கோயில் நாயனக்காரரையும் தவில்காரரையும் அழைத்து வந்திருந்தோம்.

சயாம்காரர் மூன்று தரம் மண்டியிட்டுக் கும்பிட்டு, மெதுவாகக் கையைச் சுழற்றி, காலைத் தூக்கித் தூக்கி ஆடினார். நாயனம் தோடியை எடுத்தது. தோடி முடிந்து கல்யாணி வந்தது. இவரும் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை.

கோவிந்தன் லங்கோட்டோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தான். "கைக்கு? எதுக்கு இந்த டான்ஸு? நான் வூட்டுக்குப் போயி சாப்ட்டு வரட்டா?"

நாயனக்காரரிடம் ஓடினேன். "ஆடறவர் நிக்காம நான் எப்படிங்க நிறுத்தறது? மரியாதைக் குறைச்சல் ஆச்சே!" என்றார். சயாம்காரரிடம் ஓடினேன். "வாத்தியம் நிக்காம நான் நின்னா குருவுக்கு அவமானங்க!" என்றார். கடைசியில் தவில்காரர் கைக் குச்சியை நான் பிடுங்கிய பிறகுதான் சண்டை ஆரம்பித்தது.

கோவிந்தன் பாய்ந்தான். அவன் வயிற்றில் பாதத்தை வைத்துச் சயாம்காரர் ஒரு தள்ளு தள்ளினார். மறுபடி பாய்ந்தான், மறுபடி தள்ளு. மூன்றாம் முறை அவன் கிட்டே வந்ததும், சயாம்காரர் இரண்டு கையாலும் அவன் பிடரியை வளைத்து இழுத்து, முழங்காலால் விலாவில் பொத்தென்று ஒன்று கொடுத்தார். மலை மாதிரி இருந்தவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அடி! வுடாதே, அடி!" என்று காலனியே கத்தியது. அவர் அடிக்கவில்லை. கை நீட்டி, "எழுந்திரிங்க மச்சான். மூச்சை இழுத்து வுடுங்க," என்றார்.

மச்சானாவது! கோவிந்தன் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு எழுந்து, அவரைத் தோளுக்கு மேல் சுழற்றி மல்லாக்கப் போட்டான். "சித்! சித்!" என்று தாலீம் ஆட்கள் குதித்தார்கள். குஸ்தியில் முதுகு தரையில் பட்டால் சித், ஆட்டம் முடிந்தது.

சயாம்காரர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, மறுபடி கையை உயர்த்தி நின்றார்.

"நீ தோத்துட்டய்யா!" என்றான் கோவிந்தன்.

"முதுகு பட்டா தோல்வியா? யாரு சொன்னது? எங்க சட்டத்துல எத்தனை தடவை வேணாலும் படலாம். எழுந்திரிச்சா சரிதான்."

எந்தச் சட்டத்தில் சண்டை என்று முன்னாலேயே பேசி வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு தனபாக்கியமும் பார்த்தாள். நான் கையிலிருந்த தவில் குச்சியைப் பார்த்தேன்.

கோவிந்தன்தான் விலாவைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"இத்தினி வருசம் குஸ்தி போட்டுக்கிறேன். வுழுந்தா மேல ஏறி ஒக்காருவானுங்க. கை குடுத்து எழுப்பினவன் இவன் ஒருத்தன்தான். நாளைக்கு என் தங்கச்சி வுழுந்தாலும் எழுப்புவான். நக்கோ, இனிமே சண்டை வேணாம். முகூர்த்தம் பாருங்க!"

சயாம்காரர் விழித்தார். "இன்னும் நாலு ரவுண்டு பாக்கி இருக்குதுங்களே?"

"அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் எங்கிட்ட வெச்சிக்கிங்க!" என்றாள் தனபாக்கியம்.

பல வருஷம் என் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் சண்டையுமாக இருந்தார்கள். அப்புறம் மாற்றலாகி ஊரைவிட்டே போனார்கள். நானும் அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு சண்டை போட்டாகிவிட்டது. அவர்களில் ஒருவரையும் நான் தேடியதில்லை. அந்த மனிதரை மட்டும் மனசு தேடிக்கொண்டே இருக்கிறது.