முந்நூற்று அறுபத்தாறாம் எண்காரர் எழுதுவது

மதிப்பிற்குரிய பத்திராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் மக்கர் செய்யாமல் நலமாயிருக்க விழைகிறேன்.

அமெரிக்க ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க 1969 டிசம்பரில் நடந்த குலுக்கலில் நம் ஊரின் பெரிய அதிர்ஷ்டசாலி யார் என்று போன வாரம் கேட்டிருந்தீர்கள். தேட வேண்டாம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஆர்விட் டோலஃப்சனாகிய நானேதான்.

ஆண்டின் 366 தேதிகளையும் குப்பிகளில் அடைத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு எடுத்தார்கள். முதலில் வந்த தேதியில் பிறந்தவனுக்கு வியட்நாம் போருக்கு முதல் அழைப்பு. வகுப்பு உதாரணம் சொல்கிறேன்: 366 பேரை வரிசையாகக் கரும்பலகைக்குக் கூப்பிடும்போது கடைசிப் பையனின் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும் அல்லவா, அந்தப் பையன் நான். கல்லூரி விடுதியில் எல்லோரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்க, முதல் குப்பியிலேயே செப்டம்பர் 14 வந்தது, என் அறைத்தோழன் மில்டன் கூபிசெக் பிறந்த நாள். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவனே எழுந்து, "என்னடா முழிக்கிறீங்க? முதல் நம்பர்காரனுக்கு பீர் வாங்கித் தரணும்னு பேச்சு. எடுங்கடா!" என்றான். மறுநாள் செய்தித்தாளில் என் தேதியான ஜூன் எட்டை மேலிருந்து விரல் வைத்துத் தேடினேன். இருநூறு தாண்டியதும் சிரித்தேன், முந்நூற்றைம்பது தாண்டியதும் வியர்த்தேன், என் தேதியை ஜாடியில் போடவே மறந்துவிட்டார்களோ, அப்படியானால் என்னை முதலில் பிடிப்பார்களோ என்று நடுங்கினேன். "கடைசி வரியப் பாருடா, மக்கு! நீயெல்லாம் கணக்கு வாத்தியாராகி யாருக்குடா சொல்லித்தரப் போற?" என்றான் மில்டன். கடைசி வரி: ஜூன் எட்டு, 366. அவன் போய், தோளில் குண்டுத்துணுக்கோடு திரும்பி வந்தான். நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். அக்கா சோல்வேயின் பிறந்த நாள் ஜூன் ஏழு, என்னுடையது எட்டு என்று அடுத்தடுத்த நாளில் இரண்டு கேக் சுட்டு அலுத்த என் அம்மா மட்டும், 366 என்று கேட்டதும் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆகவே அந்தப் பட்டத்தை என் பெயருக்கே வழங்குமாறு கோருகிறேன். சான்றாகப் பிறப்புச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். தங்கள் துணைவியாருக்கு என் அன்பும், தங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பின்னம் எளிதாய் வர ஆசியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஆர்விட் டோலஃப்சன்

பி.கு.: இணைக்கும்போதுதான் சான்றிதழை வாழ்நாளில் முதன்முறையாகப் படித்தேன். ஜூன் ஏழு என்றிருக்கிறது. ராணுவப் பதிவின்போது நான் வாயால் சொன்ன எட்டையே எழுதிக்கொண்டார்கள். குலுக்கலில் ஜூன் ஏழின் எண் 85. அந்த எண்காரர்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. உடனே அக்காவுக்குத் தொலைபேசினேன். "ஆமாடா. ஒரே கேக்குல ரெண்டு பேர் ஊதக் கூடாது, நான் தரமாட்டேன்னு அழுதேன். அம்மா உன்னை ஒரு நாள் தள்ளி வச்சா. அப்புறம் அதுவே பழகிப்போச்சு" என்றாள். அடுத்து மில்டனிடம் சொன்னேன். "உங்க அக்காவுக்கு யாருடா பீர் வாங்கித் தர்றது?" என்றான். ஆகவே ஆசிரியரே, மேலே எழுதியதை அடித்துவிட்டு, பட்டத்தை சோல்வேயின் பிடிவாதத்துக்குக் கொடுங்கள். ராணுவத்துக்கு மட்டும் தெரிவிக்க வேண்டாம். எனக்கு முழங்கால் வலி.